ஏழாம் அறையின் ஜன்னலுக்குக் கீழே ஒரு சுபாரு

மெகுரோ தோகுஜி அவர்களின் வண்டி ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போதே அவருடைய மனைவி இக்குயோ நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பார். பாலத்துக்கும் எங்கள் முதியோர் இல்லத்துக்கும் இடையே முந்நூறு மீட்டர் தொலைவும், குளிர்காலமாயின் ஆளுயரப் பனிச்சுவர்களும் உண்டு. பணியாளர்களாகிய எங்கள் செவிகளுக்கு எதுவும் எட்டாது. இக்குயோ மட்டும் ஜன்னல் கண்ணாடியின்மேல் விரல் நுனிகளை வைத்துக்கொண்டு, "அப்பா வந்துட்டாரு," என்பார். குழந்தை பிறந்த பின்னர் கணவனை அப்பா என்றே அழைப்பது எங்கள் ஆய்ஸு மலைப்பகுதியின் வழக்கம். பிறகு தலைமயிரைக் கையால் ஒதுக்கிக்கொண்டு கதவைப் பார்த்தபடி நிற்பார். அதன் பின்னரே அந்தச் சத்தம் எங்களுக்குக் கேட்கும்.

அது சீரான சத்தமன்று. ஒரு கால் சற்றுக் குட்டையான மனிதர் மரப்படிகளில் விரைந்து இறங்குவதுபோல, தொக்குத்தொக்கு என்று விட்டுவிட்டுத் துடிக்கும். காதால் கேட்பதைக் காட்டிலும் தரைவழியாகப் பாதங்களில் உணர்வதே மிகுதி.

இல்லத்தில் இக்குயோவுக்கு அது மூன்றாம் ஆண்டு. தம் வயதையும், நடக்கும் ஆண்டையும், ஒரே மகளின் பெயரையும் அவர் மறந்திருந்தார். அந்தச் சத்தத்தோடு வருகின்றவரை மட்டும் மறக்கவில்லை. இலையுதிர் காலத்தில் ஒருமுறை வண்டி பழுதுபார்ப்பில் இருந்தமையால் மெகுரோ பேருந்தில் வந்தார். இக்குயோ எழுந்து மரியாதையாகக் குனிந்து, "யாரப் பாக்கணுங்க?" என்று கேட்டார், மெகுரோ கையைத் தொட்டதும் அஞ்சி அழைப்பு மணியை அழுத்திவிட்டார். ஓடிச்சென்று சமாதானம் செய்தவள் நான். ஆகவே, இருபத்திரண்டு ஆண்டுகள் பழைய அந்த சுபாரு லெகசி வண்டி ஓடும்வரைதான் மெகுரோ தம் மனைவிக்குக் கணவர் என்பதை நாங்கள் அறிந்திருந்தோம். அவருடைய மகள் ஹத்சுமி மட்டும் அதை நம்ப மறுத்தார்.

ஹத்சுமி கோரியாமா நகரில் வசித்தார். டிசம்பர் மாத இறுதியில் வந்தவர், தந்தையை நடைக்கூடத்திலேயே மடக்கினார்.

"அப்பா, மார்ச்சுல உங்க லைசென்ஸ் முடியுது. உங்களுக்கு எழுபத்தெட்டு. புதுப்பிக்க வேணாம், திருப்பிக் குடுத்துடுங்க. எல்லாரும் குடுக்கறாங்க. டிவில பாக்கறீங்கள்ல? பிரேக்னு நெனச்சு ஆக்சிலேட்டர மிதிச்சுக் கடைக்குள்ள பூந்துடறாங்க."

"என் வண்டி கிளட்ச் வண்டி. கடைக்குள்ள பூரணும்னா காலும் கையும் சேந்து மூணு வேல செய்யணும். அவ்வளவு சுறுசுறுப்பு இருந்தா நான் கெழவனே இல்ல."

"சிரிக்காதீங்க. வாரம் ஒருதரம் நான் வந்து கூட்டிட்டு வரேன்."

"உன் வண்டி சத்தமே போடாது. திருடன் மாதிரி வந்து நிக்கும். உங்கம்மா என்னையும் திருடன்னு நெனச்சு மணி அடிப்பா."

"அது ஏதோ ஒருநாள் நடந்தது. அன்னைக்கு அம்மாவுக்கு உடம்பு சரியில்ல."

மெகுரோ என் பக்கம் திரும்பினார். "சன்பே, நீ சொல்லு. அன்னைக்கு அவளுக்கு உடம்பா சரியில்ல?"

"குடும்ப விஷயத்துல என்ன இழுக்காதீங்க, மெகுரோ சான்," என்றேன்.

"பாத்தியா? தீப்பெட்டி வண்டி ஓட்றவங்களுக்கெல்லாம் தைரியம் அவ்வளவுதான்." என்னுடைய சிறிய வண்டிக்கு அவர் இட்ட பெயர் தீப்பெட்டி. என் வண்டி பனியில் சிக்கிக்கொள்ளும் நாள்களில் தம் வண்டியில் கயிறு கட்டி இழுத்துவிடுபவரும் அவரே. ஆதலால் அந்தப் பெயருக்கு நான் மறுப்புச் சொன்னதில்லை.

மெகுரோ பணிக்காலம் முழுவதையும் மின் நிறுவனத்தில் கழித்தவர். அணைகளிலிருந்து தலைநகருக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் உயர்கம்பிகளை மலைமலையாகச் சென்று பார்வையிடுவது அவர் தொழில். அவர் பணியில் சேர்ந்த காலத்தில் பனியில் ஏறக்கூடிய வண்டி என்றால் துணிக்கூரை போர்த்திய ஜீப் ஒன்றுதான். அதற்குள் இருப்பதைவிட வெளியில் நடப்பதே கதகதப்பு என்பார். மின் ஊழியர்கள் குளிரில் விறைக்காமல் மலையேற, சாதாரணக் கார் போன்ற வசதியும் நான்கு சக்கரங்களுக்கும் விசையும் உடைய வண்டி ஒன்று கிடைக்குமா என்று ஒரு மின் நிறுவனம் கேட்க, மியாகி வட்டாரத்து சுபாரு கார் விற்பனையாளர்கள் தங்கள் பட்டறையிலேயே ஒரு வண்டியைப் பிரித்து, பின்சக்கரங்களையும் எஞ்சினோடு இணைத்துப் பார்த்தார்கள். அந்த முயற்சியின் பயனாக, எழுபத்திரண்டாம் ஆண்டில் நாற்சக்கர விசையுடைய கார் தொழிற்சாலையிலிருந்து வரிசையாக வெளிவரத் தொடங்கியது. மறு ஆண்டே அதில் ஒன்று இளைஞர் மெகுரோவின் கைக்கு வந்தது.

"உலகம் பூரா வாங்கறாங்க. ஆனா கேட்டு வாங்கினது மின்சாரக்காரங்க நாங்கதான்," என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். தாமே அதை வடிவமைத்தவர் போன்ற பெருமிதம் அப்போது அவர் முகத்தில் தோன்றும்.

சுபாரு நிறுவனத்தின் வரலாற்றை அவர் தம் உறவினர் கதைபோலச் சொல்வார். குன்மாவின் ஓத்தா நகரில் போர்க்காலத்தில் விமானங்கள் செய்த தொழிற்சாலை அது. தோல்விக்குப் பின் விமானம் செய்வது தடைசெய்யப்பட்டது. நிறுவனமும் பல துண்டுகளாக உடைக்கப்பட்டது. வானூர்திக்குக் கணக்குப் போட்ட பொறியாளர்கள், குண்டுவீச்சு விமானங்களுக்காகச் செய்து மிஞ்சிக் கிடந்த வால்சக்கரங்களை எடுத்து ஸ்கூட்டர் செய்தார்கள். பிறகு ஐந்து துண்டுகள் மீண்டும் ஒன்றாயின. ஆகவேதான் அதன் சின்னத்தில் ஒரு பெரிய விண்மீனும் ஐந்து சிறிய விண்மீன்களும். சுபாரு என்பது வானத்துக் கார்த்திகை விண்மீன் கூட்டத்துக்கு எங்கள் முன்னோர் இட்ட பெயர். சேர்ந்திருப்பது என்று அதற்குப் பொருள். பொறிவண்டு என்று மக்கள் செல்லமாக அழைத்த குட்டிக் கார் முதலில் வந்தது. அதன் பின், பிஸ்டன்கள் நிமிர்ந்து நிற்காமல் இருபுறமும் படுத்தபடி ஒன்றையொன்று எதிர்த்துக் குத்தும் எஞ்சின் வந்தது. நொண்டி நடைபோன்ற அந்தச் சத்தம், அவ்வெஞ்சினின் புகைக்குழாய்கள் சமமான நீளத்தில் இல்லாமையால் உண்டாவது.

மணமாவதற்கு முன் இக்குயோ கணவாயின் அடிவாரத்தில் இருந்த ஒரு சிறு விடுதியில் பணிபுரிந்தார். கம்பிகளைப் பார்வையிட்டு மலையிலிருந்து இறங்கும் ஊழியர்கள் அங்கேதான் கால்களைக் காயவைப்பார்கள். வேறு எந்த வண்டி வந்தாலும் உள்ளே வந்து அமர்ந்த பிறகே தேநீர் கிடைக்கும். மெகுரோவுக்கு மட்டும் காலணியைக் கழற்றும்போதே தயாராக இருக்கும். மூன்று வளைவுகளுக்கு அப்பால் சத்தம் கேட்டதும் இக்குயோ கெண்டியை அடுப்பில் ஏற்றிவிடுவார். "அந்தத் தேநீருக்காகத்தான் கட்டிக்கிட்டேன்," என்று மெகுரோ சொல்லும்போது, நினைவு தெளிவாக இருக்கும் நாள்களில் இக்குயோ, "நான் அந்த வண்டில இருந்த ஹீட்டருக்காகக் கட்டிக்கிட்டேன்," என்பார்.

ஜனவரியில் இக்குயோவின் நிலை மேலும் தளர்ந்தது. ஒருநாள் மெகுரோ வழக்கம்போல ஏழாம் அறையின் ஜன்னலுக்குக் கீழே வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, வாசலில் காலணி மாற்றிக்கொண்டு நடைக்கூடத்தைக் கடந்து வந்தார். அந்த மூன்று நிமிடத்துக்குள் இக்குயோ அவரை இழந்துவிட்டார். "யாருங்க நீங்க?" என்றார். மெகுரோ திரும்பிச் சென்று எஞ்சினை முடுக்கிவிட்டு, அதை அணைக்காமலேயே உள்ளே வந்தார்.

"இவ்வளவு நேரம் எங்க போனீங்க?" என்று இக்குயோ கடிந்துகொண்டார். அந்தக் கடிதலைக் கேட்டு மெகுரோ அடைந்த மகிழ்ச்சியை நான் என் கண்ணால் கண்டேன்.

அன்றுமுதல் அவர் அறையில் இருக்கும் நேரம் முழுவதும் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. வளாகத்துக்குள் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தலாகாது என்பது இல்லத்தின் விதி. பகல்நேரப் பொறுப்பாளர் என்ற முறையில் அதைத் தடுக்க வேண்டியவள் நான்.

"நான் எதையும் பாக்கல," என்றேன். "சைலன்சர்ல பனி அடைக்காமப் பாத்துக்குங்க."

"எனக்கா சொல்ற? பனில மாட்டிக்கிட்டா மொதல்ல சைலன்சரச் சுத்தித் தோண்டணும்னு உங்கப்பனுக்கே சொல்லிக் குடுத்தவன் நான்."

அது உண்மை. எங்கள் பகுதியில் எழுத்தறிவதற்கு முன்பே குழந்தைகள் அறியும் செய்தி அது. பனியில் புதைந்த வண்டியின் புகையில் மணமில்லாத நஞ்சு உண்டு. மெகுரோ வந்தவுடன் மண்வாரியால் வண்டியின் பின்புறத்தைத் தோண்டிவிட்டே உள்ளே வருவார்; அரைமணிக்கு ஒருமுறை எழுந்து சென்று பார்ப்பார்.

பிப்ரவரி எட்டாம் நாள், முந்தைய இரவிலிருந்து முழங்காலுக்கு மேல் பனி பொழிந்திருந்தது. மெகுரோ இரண்டு மணிக்கு வந்தார், பின்புறத்தைத் தோண்டினார், உள்ளே சென்றார். சிறிது நேரத்தில் கூரைப்பனி சரிந்து விழும் ஓசை கேட்டது. குளிர்காலத்தில் அது ஒரு நாளைக்குப் பலமுறை கேட்கும் ஓசை, யாரும் தலைதிருப்புவதில்லை. நானும் திருப்பவில்லை. அந்தப் பனி வண்டியின் பின்பாதியை முழுவதும் மூடிவிட்டது. ஒருபுறம் கட்டடச் சுவர், மறுபுறம் ஒதுக்கிவைத்த பனிமேடு. இடையில் அகழிபோல் இருந்த அவ்விடத்தில் தேங்கிய புகைக்கு, அறையின் காற்றுத்துளை ஒன்றே வழியாயிற்று.

மெகுரோவுக்கு அந்த ஓசை கேட்டது. போய்ப் பார்க்க வேண்டும் என்றும் தோன்றியது. ஆனால் அன்று இக்குயோ அவரை அப்பா என்று அழைக்கவில்லை. விடுதியில் பணிபுரிந்த நாள்களில் அழைத்ததுபோல, பெயரோடு மரியாதைச் சொல் சேர்த்து, "தோகுஜி சான்," என்று அழைத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் கேட்டிராத அழைப்பு அது. "அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போலாம்னு இருந்துட்டேன்," என்று பின்னர் மருத்துவமனையில் என்னிடம் சொன்னார்.

என் பிழையை இனிச் சொல்ல வேண்டும். இரண்டே முக்கால் மணிக்கு ஏழாம் அறையின் கதவைத் திறந்து பார்த்தேன். கணவனும் மனைவியும் கட்டிலில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தார்கள். இருவர் கன்னங்களும் புதுமணத் தம்பதியரின் கன்னங்கள்போலச் சிவந்திருந்தன. இவ்வளவு அழகான காட்சியை இந்த இல்லத்தில் கண்டதில்லையே என்று எண்ணினேன். நடைக்கூடத்துக் குளிர்காற்று அவர்களை எழுப்பிவிடக்கூடாதென்று கதவை ஓசையின்றி இறுக மூடிவிட்டுச் சென்றேன்.

மூன்று மணிக்குத் தேநீர் கொண்டுசென்றபோது மெகுரோ தரையில் கிடந்தார். கதவை நோக்கித் தவழ முயன்றிருக்கிறார். இக்குயோ நான் எழுப்பியும் எழவில்லை. கன்னங்களில் நான் கண்ட சிவப்பு நஞ்சின் நிறம்.

மெகுரோ நான்கு நாள்களில் நலமடைந்தார். இக்குயோ இரண்டு நாள் நினைவின்றிக் கிடந்து, வாக்காமாத்ஸு நகர மருத்துவமனையில் மூன்று வாரங்கள் இருந்தார். இல்லத்தின் இயக்குநர் விசாரித்தபோது மெகுரோ, "சன்பேக்கு ஒண்ணும் தெரியாது. அவ கண்ணுல படாமதான் ஓட விட்டேன்," என்றார். நான் உண்மையைச் சொன்னேன். பொறுப்பாளர் பதவியை இழந்தேன், பணியிலிருந்து நீக்கப்படவில்லை. நீக்கியிருந்தால் ஒருவேளை எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மருத்துவமனையிலிருந்து வெளிவந்த அன்றே மெகுரோ காவல் நிலையத்துக்குச் சென்று, மகள் எவ்வளவோ வேண்டியும் கொடுக்காத உரிமத்தைத் தாமாகவே ஒப்படைத்தார். இக்குயோவுக்கு இனி எவரையும் எதனாலும் அடையாளம் காண இயலாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்தச் சொல்லை நம்பியே, பழைய வண்டிகளை உடைக்கும் நிறுவனத்தை அழைத்தார். இரும்பு நகங்களுடைய லாரி வந்து வண்டியை ஏற்றிச் சென்றதை அவர் வீட்டுக்குள்ளிருந்தே கேட்டாராம். மூன்று இலட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி, அந்த மாதம் முடிவதற்குள் நசுக்கப்பட்ட இரும்பாயிற்று.

மார்ச் மாதத் தொடக்கத்தில் இக்குயோ எங்களிடம் திரும்பினார். இரண்டாம் நாள் பிற்பகல் நான் அறைக்குள் நுழைந்தபோது, கட்டில் விளிம்பைப் பற்றியபடி எழுந்து நின்று, ஜன்னல் கண்ணாடியில் விரல்களை வைத்திருந்தார்.

"அப்பா இன்னும் வரல," என்றார். "பாலத்துக்கிட்டயே நிக்கறாரா?"

மூன்று நாள்கள் இதை மெகுரோவிடம் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. நான்காம் நாள் தொலைபேசியில் சொன்னேன்.

"இனி முடியாதுன்னு டாக்டர் சொன்னாரே," என்று மட்டும் கேட்டார்.

என் கைபேசியில் இக்குயோவின் பிறந்தநாளன்று எடுத்த காணொளி இருந்தது; அதன் பின்னணியில் வண்டியின் துடிப்பு பதிவாகியிருந்தது. மெகுரோ அருகில் அமர்ந்திருக்க, ஒலியை இயன்றமட்டும் கூட்டி ஒலிக்கச் செய்தேன். இக்குயோ முகத்தைச் சுளித்தார்.

"அந்த ரேடியோவ நிறுத்துங்கம்மா. அப்பா வண்டி வந்தாக் கேக்காது."

ஏப்ரலில் ஹத்சுமி வந்தார். தம் பழைய வண்டியை விற்றுவிட்டுப் புதிய சுபாரு ஒன்றை வாங்கியிருந்தார். முகப்பில் அதே ஆறு விண்மீன்கள். சிறப்பு அனுமதி பெற்று, பனி கரைந்து சேறாயிருந்த சுவரோரத்தில், ஏழாம் அறையின் ஜன்னலுக்குக் கீழே அதை மெல்லக் கொண்டுவந்து நிறுத்தினார். இக்குயோ ஜன்னலருகில்தான் அமர்ந்திருந்தார். அவர் திரும்பவே இல்லை. ஹத்சுமி எஞ்சினை உறுமவைத்துப் பார்த்தார். மெல்லிய, வழவழப்பான ஒலி ஒன்று எழுந்து அடங்கியது.

"அதே கம்பெனிப்பா," என்று இறங்கிவந்த ஹத்சுமி அழுதார். "அதே மாதிரி எஞ்சின்னு கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினேன். இப்ப சத்தமே வராது மேடம்னு கடைக்காரரு பெருமையாச் சொன்னாரு. அப்பக்கூட எனக்கு ஒறைக்கல."

குழாய்களின் நீளத்தைச் சமப்படுத்தி அந்த நொண்டி நடையைப் பல ஆண்டுகளுக்கு முன்பே நீக்கிவிட்டார்கள் என்பதை மெகுரோ அறிவார். மகள் தொலைபேசியில் மகிழ்ச்சியோடு செய்தி சொன்னபோதே அறிந்திருந்தார். ஹத்சுமி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டதாகச் சொன்னமையால் மறுத்துப் பேசவில்லை.

"நல்ல வண்டி," என்று கதவைத் தட்டிக்கொடுத்தார். "ஹீட்டர் சீக்கிரம் சூடாகுது. பனிக்காலத்துல உனக்கு ஒண்ணும் பயமில்ல. ஏத்தம்னா நாலு சக்கரமும் ஏத்திடும். நிறுத்தறதுக்கு மட்டும் மத்த வண்டிக்கு உள்ள பிரேக்குதான், அத மறந்துடாத."

ஹத்சுமியால் மாதம் இருமுறைக்கு மேல் வர இயலவில்லை. மற்ற நாள்களில் மெகுரோ ஊராட்சிப் பேருந்தில் வருவார். அது செவ்வாயும் வெள்ளியும் மட்டுமே ஓடும். மனைவி அஞ்சிவிடக்கூடாது என்பதற்காக, முதல் சில முறை அறைக்குள் செல்லாமல் பொதுக்கூடத்தின் பெரிய ஜன்னலருகே ஒரு நாற்காலி தள்ளியே அமர்ந்தார். இக்குயோவும் பிற்பகல்களில் அங்கேதான் அமர்ந்திருப்பார். அங்கிருந்து பாலம் நன்றாகத் தெரியும்.

மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, இக்குயோ மடியில் வைத்திருந்த ஆரஞ்சை உரித்து, பாதியை அவர் பக்கம் நீட்டினார்.

"சாப்பிடுங்க. அடிக்கடி பாக்கறேன் உங்கள. யாருக்காகக் காத்திருக்கீங்க?"

மெகுரோ இரு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டார். "என் சம்சாரத்துக்காக."

"வெளிய போயிருக்காங்களா?"

"ஆமா. கொஞ்சம் தூரம்."

"வந்துடுவாங்க. எங்க வீட்டுக்காரரும் மலைல கம்பி பாக்கப் போயிருக்காரு. இவ்வளவு நேரம் ஆவாது. ஆனா அவரு வண்டி நல்ல வண்டி. எந்தப் பனியா இருந்தாலும் வந்துடும்."

"கேள்விப்பட்டிருக்கேன்," என்றார் மெகுரோ.

அவர் ஆரஞ்சுச் சுளைகளை ஒவ்வொன்றாக, மிக மெதுவாக உண்டார். இருவரும் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்கு பத்துக்குப் பேருந்து வந்து வாசலில் நின்றது. மெகுரோ எழுந்து தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்து வணங்கினார். இக்குயோவும் அமர்ந்தபடியே வணங்கினார்.

"நாளைக்கும் வாங்க," என்றார். "தனியாக் காத்திருந்தா நேரம் போக மாட்டேங்குது."

நாளை புதன்கிழமை, பேருந்து இல்லை.

"வரேன்," என்றார் மெகுரோ.